பசுவுக்கும் ஒரு தராசு

நம் நாட்டில் தராசுக்குப் பஞ்சமில்லை. புளியும் மிளகாயும் தராசுத் தட்டில் ஏறாமல் நம் வீட்டுக்கு வருவதில்லை. தட்டார் கடையில் பொன்னை ஒரு குன்றிமணியளவு கூட விட்டுக் கொடுக்காமல் நிறுக்கிறார்கள். பழைய காகிதம் வாங்குகிறவன் வாசலுக்கு வந்தால், அவனுடைய தராசு முள்ளை நம் வீட்டுப் பெண்மணிகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். குருவாயூர் போன்ற திருத்தலங்களில் குழந்தையைத் துலாபாரத்தில் உட்கார்த்தி, எடைக்கு எடை வெல்லமும் வாழைப்பழமும் காணிக்கை செலுத்துகிறோம். ஆனால் குடும்பத்தின் உடைமைகளில் உயிருள்ளதும், விலை உயர்ந்ததும், தினந்தோறும் ஏறி இறங்கும் இயல்புடையதுமான ஒன்றை மட்டும் நாம் நிறுத்துப் பார்ப்பதே இல்லை. அதுதான் நம் பசு.

"பசுவை எதற்காக நிறுக்க வேண்டும்? அது என்ன புளியா, மிளகாயா?" என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதும், நிறுக்க விரும்புவோருக்கு எத்தகைய தராசு ஏற்றது, அதை எவ்விதம் உபயோகிப்பது என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரிக்கரை ஊரின் நிலை

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவே அயனம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. பெரிய ஏரி ஒன்று அதற்கு அழகு செய்கிறது; கூவம் ஆறும் தொலைவில் இல்லை. ஏரிப்பாசனத்தை நம்பிப் பயிர் செய்த பகுதி இது. இன்று புறவழிச் சாலையும் அடுக்கு மாடிக் கட்டிடங்களும் வயல்களை விழுங்கி வருகின்றன. எனினும் மாடு கட்டிப் பால் கறந்து பிழைக்கும் குடும்பங்கள் இப்பகுதியிலிருந்து அடியோடு போய்விடவில்லை. ஏரிக்கரையில் மேயும் கலப்பினப் பசுக்களையும், காலி மனைகளில் புல் தேடும் எருமைகளையும் இப்போதும் காணலாம். பால் வாங்கும் வீடுகள் பெருகியிருக்கின்றன. புல் வளரும் நிலமோ குறுகியிருக்கிறது.

இதன் பொருள் என்ன? முன்பெல்லாம் மேய்ச்சல் நிலம் இனாமாகக் கிடைத்தது. மாடு மெதுவாக வளர்ந்தால் உடையவனுக்குப் பெரிய நஷ்டமில்லை. இன்று வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு, பசுந்தீவனம் யாவும் விலைக்கு வருகின்றன. பயனின்றி உண்ணும் ஒவ்வொரு பிடித் தீனியும் ரொக்கமாகப் போகிறது. நிலம் மலிந்திருந்த காலத்துக்குக் கண்மதிப்பு போதுமானதாக இருந்திருக்கலாம். நிலமில்லாத காலத்துக்குத் தராசு அவசியம். நகரத்தின் ஓரத்தில் மாடு வளர்ப்பவர் நிலைத்திருப்பதா, மாட்டை விற்றுவிட்டு வேறு வேலை தேடுவதா என்பது சில சமயம் இச்சிறிய கணக்குகளிலேயே அடங்கியிருக்கிறது.

துண்டுக்கு அடியில் ஒரு வியாபாரம்

நம் மாட்டுச் சந்தைகளில் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க முடியாது. இருவர் கைகோத்து நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ஆயிரம் என்று தரகர்களுக்குள் ஒரு பாஷை உண்டு. மாட்டுக்கு உடையவர் பக்கத்திலேயே நிற்பார். பேரம் எந்த நிலையில் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது!

தரகரின் கண் சாமானியமானதன்று. ஆயுள் முழுவதும் மாடு பார்த்துப் பழகிய கண் அது. மாட்டின் முதுகையும் விலாவையும் ஒருமுறை நோட்டம் விட்டு, அதன் நிறையை ஏறக்குறையச் சொல்லிவிடும். விற்கிற குடியானவர் ஆண்டுக்கு ஒரு மாடோ இரண்டு மாடோ விற்பவர். அவர் கண்ணுக்கு அந்தப் பயிற்சி ஏது? ஆகவே ஒருவருக்குத் தெரிந்ததும் மற்றவருக்குத் தெரியாததுமான ஒரு விஷயத்தின் மேல் பேரம் நடக்கிறது. அறிந்தவர் பக்கம் லாபமும் அறியாதவர் பக்கம் நஷ்டமும் சேர்வது இயல்பே.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் ஏற்பட்டதன்று. இங்கிலாந்திலும் கசாப்பு வியாபாரியின் பழகிய கண்ணுக்கு எதிரே பண்ணைக்காரர் திகைத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. அதைக் கண்ட அந்நாட்டுப் பார்லிமெண்டு 1887-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. சந்தை நடத்துவோர் மாடுகளை நிறுக்கத் தராசு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1891-இல் அச்சட்டத்தை மேலும் வலுப்படுத்தினார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். நம் நாட்டிலும் பல ஊர்களில் ஆடுகளை உயிர் எடைக்கு விற்கும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆட்டுக்குக் கிடைத்த நியாயம் மாட்டுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நிறை தெரிந்தால் என்ன லாபம்?

விற்பனை ஒருபுறம் இருக்கட்டும். பசுவை விற்க நினைக்காதவருக்கும் அதன் நிறை மூன்று காரியங்களுக்கு வேண்டும்.

முதலாவது, மருந்து. குடற்புழு நீக்கும் மருந்துகளை உடல் நிறைக்குத் தக்கபடியே கொடுக்கிறார்கள். ஒரு கிலோ நிறைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு உண்டு. 350 கிலோ நிறையுள்ள பசுவை 250 கிலோ என்று மதிப்பிட்டு மருந்து கொடுத்தால், வேண்டிய அளவில் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்து போகிறது. குறைந்த மருந்து புழுக்களை முழுவதும் ஒழிப்பதில்லை. தப்பிப் பிழைக்கும் புழுக்களின் சந்ததி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடுகிறது. பிறகு அந்தக் கொட்டில் முழுவதற்குமே அந்த மருந்து வீண். மாறாக, அளவுக்கு மீறிக் கொடுப்பதிலும் அபாயம் உண்டு. சினைப்பசு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மாடு எத்தனை கிலோ?" என்பதுதான். அதற்குச் சரியான விடை சொல்வது நம் கடமை.

இரண்டாவது, தீனி. கறவைப் பசு ஒன்று தன் நிறையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரை உலர் தீனி உண்ணும் என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ பசுவுக்கு நாள் ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ உலர் தீனி வேண்டும். தீனியிலுள்ள ஈரத்தைக் கழித்து இதைப் பார்க்க வேண்டும். இருபது கிலோ பசும்புல் கொடுத்தால் அதில் உலர்ந்த சத்து ஏறக்குறைய நான்கு கிலோதான், மற்றதெல்லாம் தண்ணீர். "கூடை நிறையப் புல் போட்டேனே, மாடு இளைக்கிறதே!" என்று வருந்துபவர்கள் இக்கணக்கைக் கவனித்தால் காரணம் விளங்கும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது, அது கன்று. கிடேரிக் கன்றின் வளர்ச்சியில்தான் பண்ணையின் எதிர்காலமே இருக்கிறது. கலப்பினக் கிடேரி ஏறக்குறைய 250 கிலோ நிறை அடைந்த பிறகே அதைச் சினைப்படுத்த வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். வயதைவிட நிறையே இதில் பிரதானம். பிறந்தபோது 25 கிலோ இருந்த கன்று, பதினெட்டு மாதத்தில் 250 கிலோவை எட்ட வேண்டுமானால் தினம் சுமார் 415 கிராம் ஏற வேண்டும். அது தினம் 300 கிராம் மட்டும் ஏறினால் அந்நிறையை அடைய 750 நாட்கள் ஆகும்; அதாவது இருபத்தைந்து மாதம். ஒரு நாளைக்கு நூற்றுச் சில்லறை கிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் அந்தத் தெரியாத வித்தியாசம் ஏழு மாதத் தீனியை விழுங்கிவிடுகிறது. முதல் ஈற்றையும் முதல் பாலையும் ஏழு மாதம் தள்ளிப்போடுகிறது. இதைக் கண் காட்டிக் கொடுக்காது. மாதம் ஒருமுறை நிறுத்தால், இரண்டாவது மாதமே தராசு எச்சரித்துவிடும்.

பிறந்த கன்றுக்குச் சீம்பால் கொடுப்பதும் நிறையைப் பொறுத்ததே. முதல் நாளுக்குள் கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் அதன் வயிற்றில் சேர வேண்டும் என்பது பழகிய விதி. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதிலும் முதல் பாதியைப் பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது உத்தமம். நேரம் ஆக ஆக, சீம்பாலிலுள்ள நோய் தடுக்கும் சத்தை ஏற்கும் திறன் கன்றின் குடலில் குறைந்துகொண்டே போகும்.

நாடாவும் கூட்டல் கழித்தலும்

தராசு வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். தையற்காரர் நாடா ஒன்று இருந்தால் ஓரளவு காரியம் நடக்கும். பசுவைச் சமதரையில் நான்கு கால்களும் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு முனை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு கிடைக்கும்.

உதாரணமாக, சுற்றளவு 62 அங்குலம், நீளம் 55 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 62-ஐ 62-ஆல் பெருக்கினால் 3,844. அதை 55-ஆல் பெருக்கினால் 2,11,420. அதை 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 320 கிலோ. பழைய சென்னை மணங்குக் கணக்கில் பழகிய பெரியவர்களுக்கு இது 28 மணங்கு என்றால் எளிதில் விளங்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. நாடாவைச் சிறிது தளர்த்திப் பிடித்து, 62-க்குப் பதில் 63 அங்குலம் என்று குறித்தால் விடை 330 கிலோவாகிவிடும். ஒரே அங்குலத்துக்குப் பத்துக் கிலோ! மருந்தளவுக்கு இந்தப் பிழை பாதகமில்லை. கன்றின் மாத வளர்ச்சியை அறிய இது உதவாது. வளர்ச்சியே மாதத்துக்குப் பன்னிரண்டு கிலோதானே? மேலும் நாட்டு மாடு, கலப்பினம், எருமை ஆகியவற்றின் உடலமைப்பு வேறு வேறு. ஒரே வாய்பாடு எல்லாவற்றுக்கும் ஒருங்கே பொருந்தாது.

இளங்கன்றை நிறுக்க இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. மனிதர் ஏறி நிற்கும் சிறு தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கன்றின் நிறை. இது முதல் சில வாரங்களுக்குத்தான் பலிக்கும். அதன் பிறகு கன்று உங்களைத் தூக்கிவிடும்!

லாரிகளை நிறுக்கும் எடைமேடைகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கத்திலும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்திலும் இருக்கின்றனவே, அவற்றில் நிறுக்கலாகாதா என்று சிலர் கேட்பார்கள். வெற்று வண்டியை நிறுத்து, மாட்டை ஏற்றி மறுபடியும் நிறுத்துக் கழிக்கலாம். ஆனால் பல டன் சுமைக்காக அமைத்த மேடைகள் பெரும்பாலும் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்ற படிகளிலேயே எண் காட்டும். விற்பனைக்கு இது போதும். வளர்ச்சியைக் கவனிக்கப் போதாது. மாட்டை வண்டியில் ஏற்றி இறக்கும் சிரமம் வேறு.

தராசு வந்த கதை

பெரிய சுமையைச் சிறிய படிக்கல்லால் நிறுக்கும் மேடைத் தராசு பழமையானதன்று. 1820-களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் க்விண்டென்ஸ் என்பவர், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ படி போதும்படியான நெம்புகோல் மேடையை அமைத்தார். 1831-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தில் தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ் என்பவர் தம்முடைய மேடைத் தராசுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வண்டி வண்டியாக வந்த சணல் பயிரை நிறுக்க வேண்டிய நெருக்கடியே அவரை அதற்குத் தூண்டியது. சணலுக்காகப் பிறந்த யந்திரம் பின்னர் மாட்டுக்கும் உதவியது.

இன்றைய மின்னணுத் தராசின் உயிர்நாடி வேறு. மேடைக்கு அடியில் சிறு உலோகக் கட்டைகள் இருக்கின்றன. சுமை ஏறும்போது அவை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகின்றன. அவற்றின் மேல் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருள் அப்போது சற்றே நீள்கிறது. அதனால் அதில் மின்சாரம் ஓடுவதற்குள்ள தடை மாறுகிறது. அந்த மாற்றத்தையே யந்திரம் எண்ணாகக் காட்டுகிறது. ஸிம்மன்ஸ், ரூஜ் என்ற இரு அமெரிக்கர்கள் 1938-இல் தனித்தனியே கண்டுபிடித்த உபாயம் இது. இக்கட்டையைக் கடைக்காரர்கள் 'லோடு செல்' என்பார்கள்.

எதை வாங்குவது?

வாங்கும்போது கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

கொள்ளளவு: கலப்பினப் பசு 350, 400 கிலோவும், நல்ல முர்ரா எருமை அதற்கு மேலும், காளைகள் இன்னும் அதிகமாகவும் இருக்கும். மாடு மேடை மேல் துள்ளினால் ஒரு கணம் அதன் நிறையைவிட அதிக பாரம் மேடையில் இறங்கும். ஆகையால் ஆயிரம் கிலோவுக்குக் குறையாத தராசே நல்லது.

படி: பெரிய மாட்டுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோப் படி போதும். இளங்கன்றுக்கு நூறு, இருநூறு கிராம் படியுள்ள சிறு தராசைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஒரே தராசு இரண்டுக்கும் போதும் என்று கடைக்காரர் கூறினால், தெரிந்த எடை ஒன்றை வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

மேடை: மாட்டின் நான்கு கால்களும் சிரமமின்றி நிற்கும் நீளம் வேண்டும். மேற்பரப்பில் வழுக்காத ரப்பர் விரிப்பு அவசியம். வெற்றுத் தகரத்தின் மேல் குளம்பு படும்போது எழும் ஓசைக்கே பல மாடுகள் மிரண்டுவிடும். இருபுறமும் குழாய் அடைப்பும், முன்னும் பின்னும் கதவும் இருப்பது நலம். அடைப்பு மேடை மேலேயே நிற்க வேண்டும். அல்லது மேடையைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். பாதி மேடையிலும் பாதி தரையிலும் நின்றால் தராசு பொய் சொல்லும்.

அசையும் பிராணிக்கேற்ற வசதி: மாடு அசையாமல் நிற்காது, மூச்சு விடும், வாலை வீசும், தலையை ஆட்டும். சில விநாடிகளில் வரும் எண்களைச் சேர்த்துச் சராசரி கண்டு நிறுத்திக் காட்டும் வசதியுள்ள யந்திரத்தையே கேட்டு வாங்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் இந்த வசதி பெரும்பாலும் இராது.

ஈரமும் மின்சாரமும்: கொட்டில் என்றால் சாணமும் மூத்திரமும் கழுவும் நீரும் இருக்கத்தான் செய்யும். லோடு செல்லின் மேல் 'ஐ.பி. 67' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். மின்சாரம் நின்றாலும் வேலை செய்ய பாட்டரி வேண்டும். பழைய நெம்புகோல் தராசுக்கு மின்சாரமே வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அதன் கத்திமுனைகள் மழுங்கினாலும் துருப்பிடித்தாலும் நிறை பிசகிவிடும். தவிர, மாடு அசையும்போது அதில் எண் பார்ப்பதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

அமைக்கும் இடம்: தரையைக் குழி தோண்டி மேடையைப் புதைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரை ஊர்களில் குழி என்னவாகும்? 2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறமும் கண்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேடான சிமெண்டுத் தரையில், மட்டம் பார்த்து, இருபுறமும் சரிவு வைத்து அமைப்பதே இப்பகுதிக்கு உகந்தது. மேலே கூரை இருக்கட்டும். கம்பிகளை எலி கடிக்காதபடி குழாய்க்குள் செலுத்திவிடுங்கள்.

எப்படி நிறுப்பது?

நல்ல தராசு வாங்கியும் தவறாக நிறுப்பவர்கள் உண்டு. மாட்டின் வயிறு ஒரு பெரிய பாத்திரம். முதிர்ந்த மாட்டின் நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை அதன் வயிற்றிலும் குடலிலும் உள்ள சரக்கே. தாகத்தோடு வந்த பசு தொட்டியில் நாற்பது லிட்டர் நீர் குடித்தால் அந்தக் கணமே நாற்பது கிலோ ஏறிவிட்டது. பத்து லிட்டர் பால் கறந்தால் பத்துக் கிலோவுக்குச் சற்று அதிகமாகவே இறங்கிவிட்டது. காலையில் ஒரு நாளும் மாலையில் ஒரு நாளும் நிறுத்துவிட்டு, "மாடு முப்பது கிலோ இளைத்துவிட்டதே!" என்று பதறுவதில் அர்த்தமில்லை.

ஆகவே ஒரே நேரத்தில், ஒரே நிலையில் நிறுக்க வேண்டும். காலைக் கறவை முடிந்த பின், தீனியும் தண்ணீரும் காட்டுவதற்கு முன் என்பது நல்ல ஏற்பாடு. மிக நுட்பமாக வேண்டுமானால் அடுத்தடுத்து இரண்டு நாள் நிறுத்துச் சராசரி காணலாம்.

ஒவ்வொரு முறையும் மேடையைக் கழுவி, எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் மாட்டை ஏற்ற வேண்டும். நடுவில் சாணம் விழுந்தால் தள்ளிவிட்டு மீண்டும் பூஜ்யம் பார்க்க வேண்டும். மாட்டைப் பிடித்திருப்பவரின் கால் மேடையில் படக்கூடாது. மாதம் ஒருமுறை தெரிந்த எடை ஒன்றை மேடையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எண் வந்தால் தராசு யோக்கியமானது. ஒரு மூலை மட்டும் வேறு எண் சொன்னால் அங்குள்ள லோடு செல்லையோ தரைமட்டத்தையோ கவனிக்க வேண்டும்.

மாட்டைத் தராசுக்குப் பழக்குவது ஒரு கலை. முதல் நாளே நிறுக்க முயலாதீர்கள். சில நாட்கள் மேடையை வழியில் போட்டு, அதன் மேல் நடந்து போக விடுங்கள். எதிர்முனையில் ஒரு பிடி தவிடு வையுங்கள். மந்தையில் முன்னே நடக்கும் பசுவை முதலில் விட்டால் மற்றவை தாமே பின்தொடரும். அடித்து ஏற்றிய மாடு அடுத்த முறை மேடையைக் கண்டதும் திரும்பிவிடும். சினைப்பசுவை வழுக்கும் மேடையில் விரட்டுவது பெரும் அபாயம்.

கன்றைப் பிறந்த அன்றும், பிறகு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் சினைப்படுத்தும் வரை மாதம் ஒருமுறையும் நிறுக்கலாம். கறவைப் பசுவைக் கன்று ஈன்றதும், இரண்டு மாதம் கழித்தும், பால் வற்றும்போதும் நிறுத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதுங்கள். இப்போது மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க அடையாள வில்லை மாட்டுகிறார்கள் அல்லவா? அந்த எண்ணையே தலைப்பாகப் போட்டுவிட்டால் ஒரு மாட்டின் கணக்கு மற்றொன்றோடு கலவாது. எழுதாத நிறை, நிறுக்காத நிறைக்குச் சமானம்.

தராசு சொல்லாதவை

தராசுக்கு அளவுக்கு மீறிய பெருமையும் கொடுத்துவிடக் கூடாது. அது எத்தனை கிலோ என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. சினைப்பசுவின் நிறை கன்றாலும் கர்ப்பநீராலும் ஏறியிருக்கலாம். நாமோ பசு தேறியதாக எண்ணி மகிழ்ந்திருப்போம். கறவை உச்சத்தில் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கும். அப்போது நிறை ஓரளவு இறங்குவது இயற்கை. விலா எலும்பு, இடுப்பெலும்பு, வாலடிப் பள்ளம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் உடல் நிலையை மதிப்பிடும் பழக்கத்தைக் கைவிடலாகாது. கறவை மாட்டின் விலையைப் பாலும், ஈற்றும், பல்லும், குணமுமே பெரிதும் நிர்ணயிக்கின்றன. கண்ணும் தராசும் ஒன்றுக்கொன்று துணை.

முத்திரையும் சட்டமும்

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 முதல் அமலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறை நிறைவேற்றி வருகிறது. மாட்டை நிறுத்து விற்கவோ வாங்கவோ உபயோகிக்கும் தராசு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசை ஆண்டுதோறும் சோதித்து மறுமுத்திரை பெற வேண்டும். வியாபாரத்தோடு இச்சட்டம் நின்றுவிடவில்லை. மனிதர் அல்லது பிராணியின் நலத்தைக் காக்கச் செய்யும் காரியத்துக்காக நிறுக்கும் கருவியையும் அது கருத்தில் கொண்டிருக்கிறது. வாங்கும் கடையிலேயே முத்திரைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவது புத்திசாலித்தனம்.

கூடிச் செய்வோம்

"இதெல்லாம் பெரிய பண்ணைகளுக்குச் சரி, நான்கு பசு வைத்திருப்பவர் தராசுக்கு எங்கே போவார்?" என்பது கடைசிக் கேள்வி. பெரிய நிலையங்கள் நமக்கு அயலில் இல்லாமல் இல்லை. ஆவடிக்கு வடக்கே அலமாதியில் மத்திய ஸர்க்காரின் கால்நடைப் பண்ணை முர்ரா எருமைகளை வளர்க்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மாதவரத்தில் அதற்குப் பண்ணையும் உண்டு. இனவிருத்திப் பண்ணை எதுவானாலும் கன்றின் பிறந்த நிறையும் வளர்ந்த நிறையும் அதன் கணக்கில் முதல் வரி. எந்தக் கன்று காளையாக நிற்கத் தகுந்தது என்று அந்த வரியைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். அந்த அறிவு மதிலுக்கு வெளியே வந்து குடியானவர் கொட்டிலை எட்ட வேண்டும்.

அதற்குக் கூட்டுறவு ஒன்றே வழி. பக்கத்து அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணை இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களில் பாலை அளக்கிறார்கள், கொழுப்பைச் சோதிக்கிறார்கள், சொட்டுச் சொட்டாகக் கணக்கு எழுதுகிறார்கள். பாலுக்கு இவ்வளவு பரீட்சை இருக்கும்போது பால் தரும் பசுவுக்கு ஒரு பரீட்சை வேண்டாமா? சங்கத்துக்கு ஒரு தராசு, மாதத்துக்கு ஒரு நிறுவை நாள் என்று ஏற்பாடு செய்துகொண்டால் செலவு பலர் தலையில் பங்காகிவிடும். சக்கரம் வைத்த தராசானால் தெருத் தெருவாகவே கொண்டு போகலாம். பால் பொதுவாக இருக்கும்போது தராசு பொதுவாக இருப்பதில் என்ன தடை?

மகாத்மா காந்தி 1927-இல் உடல் நலிந்து பெங்களூரில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த ஸர்க்கார் கால்நடைப் பால்பண்ணை நிலையத்துக்கு மாணவரைப் போலச் சென்று மாடு வளர்க்கும் முறைகளைச் சில நாள் கற்றார். பசுவைப் போற்றுவதில் அவரை மிஞ்சியவர் யார்? இருந்தும் போற்றுதல் மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. கற்க வேண்டியதைக் கற்கப் போனார். மாட்டுப் பொங்கலன்று நாம் பசுவுக்கு மஞ்சள் பூசுகிறோம், கொம்புக்கு வர்ணம் தீட்டுகிறோம், மாலை சூட்டுகிறோம். அந்த மரியாதையெல்லாம் வேண்டியதுதான். அத்துடன் அன்று காலை அதன் நிறையையும் குறித்துவைப்போமானால், அடுத்த பொங்கலுக்குள் நம் உபசாரம் மாலையோடு நின்றதா, வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.